விரல்களை இயக்கும் கணக்கு

நுழையும்முன்

எழுதுகோலைப் பற்றுதல், பூத்தொடுத்தல், ஒரு கவளம் சோற்றைச் சிந்தாமல் எடுத்தல் ஆகியன எண்ணிப் பாராமலே நிகழும் செயல்கள். அவற்றின் பின்னே எலும்புகளும் தசைகளும் நரம்புகளும் நொடிதோறும் செய்யும் கூட்டுவேலை உள்ளது. அக்கூட்டுவேலையை எண்களாக மாற்றிக் கணினிக்குள் ஒரு கையை இயங்கச் செய்ய முடியும் என்பது கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்த அறிவு. செயலிழந்த கைகளை மீட்கும் மருத்துவத்தோடு இணைந்து வளர்ந்த அவ்வறிவுக்கும் தமிழ் மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

வியப்பளித்த பிடி

1947ஆம் ஆண்டு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பால் பிராண்ட், செங்கற்பட்டு அருகிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றார். அவர் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். இளமையின் தொடக்கத்தை அம்மலையிலேயே கழித்தவர். இலண்டனில் மருத்துவம் பயில்வதற்குமுன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். மருத்துவமனையில் அவர் கண்ட கைகள் பெரும்பாலும் ஒரே வடிவில் இருந்தன. விரல்களின் அடிமூட்டு பின்னோக்கி வளைந்தும் நடுமூட்டும் நுனிமூட்டும் உள்நோக்கி மடங்கியும் பறவையின் கால்நகங்களை ஒத்திருந்தன.

நோயாளர் ஒருவரின் மடங்கிய விரல்களுக்கிடையே தம் கையை வைத்து, இயன்றவரை அழுத்துமாறு பிராண்ட் கேட்டுக்கொண்டார். வலுவற்ற பிடியையே எதிர்பார்த்தார். ஆனால், அந்தக் கை அவருடைய கையை வலிக்கும் அளவுக்கு இறுகப் பற்றியது. அந்த வலி அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. பயனற்றது எனக் கருதப்பட்ட அக்கையில் வலிமை வாய்ந்த தசைகள் இன்னும் உயிருடன் இருந்தன. சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. அப்படியானால், உயிருள்ள தசை ஒன்றை இடம்மாற்றிச் செயலிழந்த தசையின் வேலையை அதனிடம் ஒப்படைக்கலாகாதா என்னும் வினா எழுந்தது. எந்தத் தசையை, எவ்வழியாகக் கொண்டுசென்று, எவ்வளவு இறுக்கத்துடன் பொருத்துவது என்பது அதனைத் தொடர்ந்த வினா. இவ்வினாவுக்குரிய விடை மருத்துவத்தில் மட்டும் இல்லை; இயற்பியலிலும் கணக்கிலும் இருந்தது.

விரலில் இல்லாத தசை

மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு என அவை அமைந்துள்ளன. ஒவ்வொரு விரலுக்கும் மூன்று எலும்புகள் இருக்க, பெருவிரலுக்கு மட்டும் இரண்டே உள்ளன. விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரல்களுக்குள் இல்லை என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. வலிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையில் உள்ளன. அவற்றின் இழுவிசையைத் தசைநாண்கள் எனப்படும் உறுதியான நார்க்கயிறுகள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனிவரை கொண்டுசெல்கின்றன. மணிக்கட்டுக்குச் சற்று மேலே மற்றொரு கையை வைத்துக்கொண்டு விரல்களை அசைத்தால், இந்நாண்கள் நகர்வதை உணரலாம். பொம்மலாட்டத்தில் பொம்மை ஓரிடத்திலும் அதனை ஆட்டுவிக்கும் கை வேறிடத்திலும் இருப்பதுபோன்ற ஏற்பாடு இது.

முன்கைத் தசைகளோடு உள்ளங்கைக்குள் சிறு தசைகளும் உள்ளன. இவை வலிமையில் குறைந்தவை, நுட்பத்தில் மிகுந்தவை. விரலின் அடிமூட்டை மடக்கும் அதேவேளையில் மற்ற இரு மூட்டுகளையும் நீட்டும் அரிய பணியை இவை செய்கின்றன. புத்தகத்தின் தாளை இரு விரல்களுக்கிடையே பற்றித் திருப்புவதும், ஊசியில் நூல் கோப்பதும் இத்தசைகளால் இயல்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றை இயக்குவது அல்னார் நரம்பு. முழங்கையின் உட்புறம் எதிலேனும் இடித்துக்கொண்டால் மின்னதிர்ச்சி போன்ற உணர்வு சுண்டுவிரல்வரை பாய்வதற்குக் காரணமான நரம்பு இதுவே. தோலுக்கு மிக அருகே, குளிர்ச்சியான பகுதியில் இது செல்வதால் தொழுநோய்க் கிருமி இதனை எளிதில் தாக்குகிறது. நரம்பு பாதிக்கப்படும்போது உள்ளங்கைத் தசைகள் ஓய்ந்துவிடுகின்றன. வேறு நரம்புகளால் இயங்கும் முன்கைத் தசைகளோ தம் வலிமையை இழப்பதில்லை.

நிலைகுலையும் சங்கிலி

விரல் என்பது மூன்று மூட்டுகளால் இணைந்த சங்கிலி. மேற்புறம் நீட்டும் நாணும் கீழ்ப்புறம் மடக்கும் நாணும் மட்டும் அதனை இழுத்தால், சங்கிலி நேராக நிற்பதில்லை. ஒரு மூட்டில் பின்னோக்கியும் அடுத்த மூட்டில் முன்னோக்கியும் கோணலாகச் சரிகிறது. அவ்வாறு சரியாமல் தாங்கி நிறுத்துபவை உள்ளங்கைத் தசைகளே. அவை ஓய்ந்த கையில் விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடுகின்றன.

இத்தகைய கை ஒரு குவளையைப் பற்ற முனையும்போது விரல்கள் அதனைச் சுற்றித் தழுவுவதில்லை. முதலில் நுனிகளே சுருண்டு உட்செல்கின்றன. முழு விரல்பரப்பும் உள்ளங்கையும் தாங்கவேண்டிய விசையை விரல்நுனிகள் மட்டும் தாங்குகின்றன. விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். தொடுபரப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும்போது, அதே விசை நான்கு மடங்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது. உணர்வுள்ள விரலாயின் வலி எச்சரிக்கும், பிடி தளரும். தொழுநோயால் உணர்விழந்த விரலுக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. புண் உண்டாகிறது, அது ஆறுவதற்குள் மீண்டும் அழுத்தம் பெறுகிறது. தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்ற பழைய நம்பிக்கை தவறானது என்பதையும், உணரப்படாத காயங்களும் அவற்றால் நேரும் தொற்றுமே விரல்களை அழிக்கின்றன என்பதையும் பிராண்டும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினர். ஆகவே, விரலின் வளைவைச் சரிசெய்வது அழகுக்கான சிகிச்சை அன்று. விரலைக் காப்பதற்கான சிகிச்சை.

கிணற்று உருளையும் விரல் மூட்டும்

ஒரு தசை மூட்டை எவ்வளவு வலிமையுடன் திருப்பும் என்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒன்று, தசைநாணின் இழுவிசை. மற்றொன்று, மூட்டின் சுழல் அச்சுக்கும் நாணுக்கும் இடையேயுள்ள செங்குத்துத் தொலைவு. இவ்விரண்டின் பெருக்கற்பலனே திருப்புவிசை. கதவைக் கீலுக்கு அருகே தள்ளுவதைவிடக் கைப்பிடியருகே தள்ளுவது எளிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அத்தொலைவு மற்றோர் அளவையும் முடிவுசெய்கிறது. கிணற்று உருளையை ஒரு குறிப்பிட்ட கோணம் சுழற்றினால் எவ்வளவு கயிறு நகரும்? உருளையின் ஆரத்தையும், ரேடியனில் கூறப்பட்ட கோணத்தையும் பெருக்கினால் விடை கிடைக்கும். விரல் மூட்டும் இத்தகைய உருளையே. அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் நாண் செல்லுமாயின், மூட்டு 1 ரேடியன், அதாவது ஏறத்தாழ 57.3 பாகை மடங்கும்போது நாண் 1 செ.மீ. நகரும். மூட்டு 90 பாகை மடங்கினால் நாண் ஏறத்தாழ 1.57 செ.மீ. நகரும்.

இவ்வெளிய உறவிலிருந்து ஒரு முரண் பிறக்கிறது. நாணை அச்சிலிருந்து விலக்கிப் பொருத்தினால் திருப்புவிசை கூடும். ஆனால் அதே கோணம் மடங்குவதற்கு நாண் மிகுந்த தொலைவு நகரவேண்டும். தசையால் அத்தொலைவு சுருங்க இயலாவிட்டால் விரல் பாதியிலேயே நின்றுவிடும். வலிமையைப் பெற வீச்சை இழக்கவேண்டும். வீச்சைப் பெற வலிமையை விட்டுக்கொடுக்கவேண்டும். இயற்கை நாண்களை எலும்போடு ஒட்டிக் கட்டிவைக்கும் வளையம் போன்ற உறைகளை விரல்களில் அமைத்திருப்பது இதனால்தான். அவ்வளையங்கள் அறுந்துபோனால், விரல் மடங்கும்போது நாண் வில்லின் நாண்போல் எலும்பைவிட்டு விலகிவிடும்.

எந்தத் தசையை எடுப்பது?

தசையின் வலிமை அதன் இழைகளின் மொத்தக் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது எவ்வளவு தொலைவு நகர்த்தும் என்பது இழைகளின் நீளத்தைப் பொறுத்தது. எனவே, தடித்த தசைகள் எல்லாம் எவ்வேலைக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

பிராண்ட் 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் பணியாற்றச் சென்றார். அங்கு அவரும் உடன் பணியாற்றியோரும் முழங்கைக்குக் கீழுள்ள தசைகள் ஒவ்வொன்றையும் அளந்து, 1981ஆம் ஆண்டு ஓர் அட்டவணையை வெளியிட்டனர். எல்லாத் தசைகளின் வலிமையையும் சேர்த்து 100 எனக் கொண்டு, ஒவ்வொரு தசைக்கும் உரிய பங்கினை அதில் குறித்தனர். சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டை மடக்கும் தசையின் பங்கு 6.7, அதன் இழைநீளம் 4.2 செ.மீ. பெருவிரல் பக்கமாக மணிக்கட்டை நீட்டும் நெடுந்தசையின் பங்கு 3.5, அதன் இழைநீளம் 9.3 செ.மீ. முதல் தசை ஏறத்தாழ இருமடங்கு வலியது. இரண்டாவது தசை இருமடங்குக்கும் மேலாக நகர வல்லது. அன்றியும், முதல் தசை அல்னார் நரம்பால் இயங்குவது. அந்நரம்பு பாதிக்கப்பட்டவரிடம் அதனை நம்ப இயலாது. உயிருள்ளதா, போதிய வலிமை உடையதா, போதிய தொலைவு நகருமா, அதனை எடுத்துவிட்டால் பழைய வேலை கெடாமல் இருக்குமா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஒரு தசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலூரில் பிராண்ட் கையாண்ட முறைகளுள் ஒன்று இதனை விளக்கும். மணிக்கட்டை நீட்டும் தசைகளுள் ஒன்றன் நாணை எடுத்து, உடலின் வேறிடத்திலிருந்து பெற்ற மெல்லிய நாணால் அதனை நீளச்செய்து, நான்கு வால்களாகப் பிரித்து, நான்கு விரல்களிலும் பொருத்தினார். மணிக்கட்டை நீட்டுவதற்கு வேறு தசைகளும் இருப்பதால் பழைய வேலை கெடவில்லை. பயிற்சியால் நோயாளரின் மூளை புதிய இணைப்பைக் கற்றுக்கொண்டது.

தெரியுமா?

உள்ளங்கையிலுள்ள நான்கு சிறு தசைகள் மண்புழுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயர்பெற்றவை. பெரும்பாலான தசைகள் எலும்பிலிருந்து தொடங்கும். இவையோ விரலை மடக்கும் தசைநாண்களிலிருந்தே தொடங்கி, விரலின் மேற்புறமுள்ள நீட்டும் நாணோடு சென்று சேர்கின்றன.

கணினிக்குள் ஒரு கை

ஒரு மூட்டு, ஒரு நாண் எனின் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். கையோ அத்தகையதன்று. ஒரு நாண் மணிக்கட்டையும் மூன்று விரல் மூட்டுகளையும் கடக்கிறது. மணிக்கட்டு சற்றே சாய்ந்தாலும் விரலின் கணக்கு முழுதும் மாறிவிடுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கணினி துணைக்கு வந்தது. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் விரல் மூட்டுகளைச் சுற்றி நாண்கள் செல்லும் இடங்களை அளந்து, கைக்குரிய ஒரு பொதுமாதிரியை வெளியிட்டனர். 1980களில் கார்வில் ஆய்வகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள், திரையில் முப்பரிமாணத்தில் மடங்கி நீளும் கையின் மாதிரியை உருவாக்கினர்.

இத்தகைய மாதிரி நான்கு அடுக்குகளால் ஆனது. முதலாவது எலும்பு. ஊடுகதிர்ப் படங்களிலிருந்து ஒவ்வோர் எலும்பின் வடிவமும் பெறப்படுகிறது. இரண்டாவது மூட்டு. ஒவ்வொரு மூட்டும் எந்த அச்சைப் பற்றிச் சுழலும் என்பது வரையறுக்கப்படுகிறது. இது தோன்றுமளவு எளிதன்று. பெருவிரலின் அடிமூட்டுக்கு இரண்டு அச்சுகள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று செங்குத்தானவையல்ல. ஒன்றையொன்று வெட்டுவனவும் அல்ல. மூன்றாவது தசைநாணின் பாதை. நாண் எங்கே தொடங்கி, எந்த வளையங்களின் வழியே நுழைந்து, எலும்பின் எவ்வளைவைச் சுற்றி, எங்கே முடிகிறது என்பது புள்ளிகளாலும் வளைபரப்புகளாலும் குறிக்கப்படுகிறது.

நான்காவது அடுக்கு தசை. இதற்கு அடிப்படையானது ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில் 1938ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. தவளையின் தசைகளை ஆராய்ந்த அவர், தசை விரைவாகச் சுருங்கச் சுருங்க அதன் விசை குறைகிறது என்பதற்கு ஒரு சமன்பாட்டைத் தந்தார். வெறுங்குடத்தை விரைந்து தூக்க முடிவதும், நிறைகுடத்தை மெல்லத்தான் தூக்க முடிவதும் இதன் வெளிப்பாடே. அவர் வழிவந்த மாதிரிகளில் தசை என்பது, தானே சுருங்கும் ஒரு பகுதியும் அதனோடு இணைந்த சுருள்வில்களுமாகக் கொள்ளப்படுகிறது. தசையின் நீளம், சுருங்கும் வேகம், நரம்பு தரும் தூண்டல் ஆகிய மூன்றையும் கொடுத்தால் கணினி அதன் விசையைக் கூறிவிடும்.

ஒரே பிடி, பல வழிகள்

மாதிரியை அமைத்த பின்னரும் ஒரு புதிர் எஞ்சுகிறது. சுட்டுவிரலுக்கு நான்கு சுதந்திர இயக்கக் கூறுகள் உள்ளன. அடிமூட்டு மடங்கும்; பக்கவாட்டிலும் அசையும். மற்ற இரண்டு மூட்டுகளும் மடங்க மட்டுமே செய்யும். ஆனால், அதனை இயக்கும் தசைகள் ஏழு. நான்கு சமன்பாடுகளில் ஏழு தெரியா எண்கள் இருப்பின் விடை ஒன்றல்ல, எண்ணற்றவை. அதே பிடியை உடல் பல்வேறு தசைச் சேர்க்கைகளால் நிகழ்த்த முடியும் என்பது இதன் பொருள்.

நான்கு இயக்கங்களுக்கு நான்கு தசைகள் போதாவோ எனின், போதா. தசைக்கு இழுக்கத் தெரியும்; தள்ளத் தெரியாது. ஆகவே, குறைந்தது ஐந்து தசைகளேனும் வேண்டும். எஞ்சியவை வலிமையையும் நுட்பத்தையும் கூட்டுகின்றன. எண்ணற்ற விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்ய, உடல் வீண்முயற்சியைத் தவிர்க்கும் என்னும் கொள்கையைக் கணினி கையாள்கிறது. எல்லாத் தசைகளின் தூண்டல் அளவுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும் சேர்க்கையை அது தேர்ந்தெடுக்கிறது. வர்க்கப்படுத்துவதால் ஒரே தசைமீது முழுச்சுமையும் விழுவது தவிர்க்கப்பட்டு, பல தசைகளும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன.

மாதிரியின் பயனும் எல்லையும்

2005ஆம் ஆண்டு கேத்தரின் ஹோல்ஸ்பாவர், வெண்டி முரே, ஸ்காட் டெல்ப் ஆகியோர் தோள்முதல் சுட்டுவிரல், பெருவிரல்வரை விரிந்த ஒரு மாதிரியை வெளியிட்டனர். அதில் 15 சுதந்திர இயக்கக் கூறுகளும் 50 தசைப்பகுதிகளும் இடம்பெற்றன. 2007ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ‘ஓப்பன்சிம்’ என்னும் மென்பொருள் கட்டணமின்றி வெளிவந்தது. அதனால், இத்தகைய மாதிரிகளை உலகின் எப்பகுதியில் உள்ளோரும் இயக்கிப் பார்க்கவும் திருத்தவும் வழி பிறந்தது.

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கைகள் செயலிழந்தோருக்குச் செய்யப்படும் அறுவை மருத்துவத்தில் இதன் பயனைக் காணலாம். முழங்கையை மடக்க உதவும் முன்கைத் தசையொன்றைப் பெருவிரலின் நாணோடு இணைத்து, பொருளைக் கிள்ளிப் பிடிக்கும் ஆற்றலை மீட்பது ஒரு முறை. அத்தசை முழங்கையைக் கடந்து செல்வதால், முழங்கை மடங்கும்போது தசை தளர்ந்து பிடியின் வலிமை மாறுகிறது. நாணை எவ்வளவு இறுக்கத்துடன் தைத்தால், அன்றாடப் பணிகளின்போது கை இருக்கும் நிலையில் போதிய பிடி கிடைக்கும் என்பதைக் கணினியில் முன்னரே ஆராயலாம். அறுவைக் கத்தியால் செய்த பிழையைத் திருத்துவது கடினம். திரையில் செய்த பிழையை ஒரு நொடியில் அழித்துவிடலாம். செயற்கைக் கைகளை வடிவமைப்போரும், முன்கைத் தசைகளின் மின்குறிகளைக் கொண்டு அவற்றை இயக்க முயல்வோரும் இம்மாதிரிகளைப் பயன்படுத்துகின்றனர்.

எனினும், மாதிரி வேறு, கை வேறு. திரையில் விரல் அழகாக மடங்குவது மட்டுமே அது சரியானது என்பதற்குச் சான்றாகாது. நாணை இழுத்து மூட்டின் கோணத்தை அளந்த சோதனைகளோடும், உயிருள்ள தசைகளில் பதிவான மின்குறிகளோடும், மனிதர்கள் பிடித்துக் காட்டிய விசையோடும் கணினியின் விடைகள் ஒப்பிடப்படுகின்றன. ஒத்துவராதபோது திருத்தப்படவேண்டியது மாதிரியே. ஒருவர் கையைப்போல் மற்றொருவர் கை இருப்பதில்லை. தோலின் இறுக்கம், பழைய தழும்பு, மூட்டின் விறைப்பு, பயிற்சியில் ஒருவர் காட்டும் விடாமுயற்சி ஆகியவற்றைச் சமன்பாடுகள் முழுமையாக அறிவதில்லை. கணினி காட்டும் விடையை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவரே. அம்முடிவோடு வாழப்போகிறவர் நோயாளரே.

வேலூரில் விரல்கள் நிமிர்ந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் மரவேலை முதலிய கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்டன. நேரான விரல் மட்டும் போதாது, அதற்கொரு வேலையும் வேண்டும் என்பதை அங்கிருந்தோர் அறிந்திருந்தனர். விரல் மூட்டைக் கிணற்று உருளையாகக் கண்டு கணக்கிட்டது அறிவியல். அக்கணக்கின் விடை எண்களில் முடிவதில்லை. ஒருவர் பிறர் துணையின்றித் தம் கையாலேயே குவளையை எடுத்து நீர் அருந்துவதில் முடிகிறது.

கற்பவை கற்றபின்

1. ஒரு தசைநாண் மூட்டின் அச்சிலிருந்து 0.8 செ.மீ. தொலைவில் செல்கிறது. மூட்டு 90 பாகை மடங்கும்போது நாண் நகரும் தொலைவைக் கணக்கிட்டு, 1 செ.மீ. தொலைவில் செல்லும் நாணோடு ஒப்பிடுக.

2. அட்டைத் துண்டுகள், நூல், உறிஞ்சுகுழல் துண்டுகள் ஆகியவற்றால் மூன்று மூட்டுகள் கொண்ட விரலைச் செய்க. நூலைத் தாங்கும் குழல் துண்டுகளுள் ஒன்றை நீக்கினால் விரலின் இயக்கம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கண்டு வகுப்பறையில் எடுத்துரைக்க.

3. ‘கணினி மாதிரி மருத்துவரின் முடிவுக்குத் துணை, மாற்று அன்று’ என்னும் கருத்தில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.